எதிர்காலம் என்னும் கூலிப்பிடித்தம்

"சம்பளத்தைப் பார்க்காதீர்கள், எதிர்காலத்தைப் பாருங்கள்." வேலைவாய்ப்பு வழிகாட்டல் என்ற பெயரில் நம் கல்லூரிகளில் நடக்கும் கூட்டங்களில் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் பட்டம் வாங்கிய பெண் இருக்க முடியாது. சொல்கிறவர் பெரும்பாலும் ஓர் ஆண். மாதக் கடைசியில் வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்கத் தேவையில்லாதவர். இளமையில் தான் எப்படிக் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தேன், எப்படிப் பொறுத்திருந்தேன், பிறகு எப்படித் துறை மாறினேன் என்று சொல்வார். பொறுத்திருந்த அந்த ஆண்டுகளில் அவருக்கு யார் சோறு போட்டார்கள், யார் துணி துவைத்தார்கள், வீட்டு வாடகை எங்கிருந்து வந்தது என்பது கதையில் வராது. கூட்டம் முடிந்ததும் சால்வை, நினைவுப்பரிசு, புகைப்படம். மாணவிகள் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள்.

இந்த அறிவுரை தவறான இடத்தில் சொல்லப்படுகிறது என்பதோடு நான் நிறுத்திக்கொள்ள விரும்பவில்லை. பெண்களிடமிருந்து மலிவாக உழைப்பை வாங்குவதற்கு இந்த வாக்கியம் ஒரு கருவியாகப் பயன்படுகிறது என்பது என் குற்றச்சாட்டு. பெண்கள் நிறைந்த தொழில்களில் எதிர்காலம் சம்பளத்தின் ஒரு பகுதியாகவே தரப்படுகிறது. "இப்போது ஏழாயிரம் வாங்கிக்கொள், மீதி நாளைக்கு." அந்த நாளை வருவதில்லை. பிடித்த பணம் பிடித்ததுதான்.

இன்று கூடுதல் சம்பளமா, நாளை விரும்பிய தொழிலா என்று ஒருத்தி நிறுத்துப் பார்க்க வேண்டுமானால் அவளிடம் முதலில் தராசு இருக்க வேண்டும். சம்பாதித்த பணம் தன்னுடையது என்ற உரிமையும், அடுத்த ஐந்தாண்டு தன் கையில் இருக்கும் என்ற உறுதியும்தான் அந்தத் தராசின் இரண்டு தட்டுகள். நம் வீடுகளில் ஆண்பிள்ளைக்கு இவை இரண்டும் பிறந்ததுமே கிடைத்துவிடுகின்றன. பெண்பிள்ளைக்கு ஒன்றுகூட உறுதி இல்லை. இதைத் தெரிந்துகொண்டே அவளிடம் போய் "நிதானமாக யோசித்து முடிவெடு" என்கிறோம்.

எங்கள் ஊர் கோட்டுச்சேரிமேடு. கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, காசாக்குடிமேடு என்று காரைக்கால் கரையில் வரிசையாக இருக்கும் மேடுகளில் ஒன்று. கடல்தான் ஊரின் முதலாளி. அது மாதச் சம்பளம் தருவதில்லை. பாடு கிடைத்த அன்று கையில் காசு, கிடைக்காத அன்று கடன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். துறையில் ஏலம் இருக்காது, பெண்களின் கூடையில் மீன் இருக்காது. நிவாரணத் தொகை மீனவக் குடும்பத்துக்கென்று வருகிறது. மீன் விற்கும் பெண்ணின் இழப்புக்கு அதில் தனிக் கணக்கு கிடையாது. இந்த 61 நாள் முடிந்து படகு இறங்கும் நேரத்தில்தான் கல்லூரிச் சேர்க்கை தொடங்குகிறது. அதாவது, இரண்டு மாதம் வருமானமே இல்லாமல் கடன் ஏறிக்கிடக்கும் வீட்டின் கதவைத்தான் கல்விக் கட்டணம் வந்து தட்டுகிறது. எங்கள் ஊரில் எத்தனை பெண்களின் படிப்பு ஜூன் மாதத்தில் நின்றது என்று யாராவது எண்ணிப் பார்த்தால் தெரியும். படிப்பை நிறுத்துகிற இந்த நாட்காட்டியைப் பற்றி எந்த வழிகாட்டல் கூட்டத்திலும் பேச்சே எழுந்ததில்லை.

இன்றைய காசுக்கும் நாளைய காசுக்கும் உள்ள கணக்கு எங்கள் பெண்களுக்குத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். மத்தி மிதமிஞ்சி விழுந்த நாளில் விலை சரிந்துவிடும். அன்றைக்கே கிடைத்த விலைக்குத் தள்ளிவிடலாம்; உப்புப் போட்டுக் காயவைத்தால் கருவாடாக நல்ல விலைக்கு விற்கலாம். காத்திருந்தால் லாபம் என்பது கூடை தூக்கும் ஒவ்வொருத்திக்கும் தெரியும். ஆனால் கருவாடு போடுவதற்கு உப்பு வாங்கக் காசு வேண்டும். காயப்போட இடம் வேண்டும். மழை வந்தால் அள்ளிப்போட ஒரு கொட்டகை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், அன்றிரவு உலை வைக்க வேறு பணம் வேண்டும். இவை இருப்பவள் காத்திருக்கிறாள். இல்லாதவள் சரிந்த விலைக்கு விற்றுவிட்டு அரிசி வாங்கிக்கொண்டு போகிறாள். அவளைப் பார்த்து உனக்குத் தொலைநோக்கு இல்லை என்று எங்கள் துறையில் யாரும் சொல்லமாட்டார்கள். சொன்னால் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். படித்தவர்கள் மட்டும்தான் இதைச் சொல்லத் துணிகிறார்கள்.

தொழில்மாற்றம் என்ற சொல் எங்கள் கரைக்குப் புதிதும் அல்ல. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு இந்தக் கரை முழுவதும் 'மாற்று வாழ்வாதாரம்' என்ற சொல்லோடு ஆட்கள் வந்து இறங்கினார்கள். பெண்களுக்குத் தையல் மிஷின், மெழுகுவத்தி, ஊறுகாய், கைவினைப் பொருள். கடலை நம்பியிருக்காதே, வேறு தொழிலுக்கு மாறிக்கொள் என்றார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் மீன்கூடை தூக்கி விற்று ஒருத்தி ஒரு நாளில் எடுத்ததை ஒரு மாதம் தைத்தாலும் எடுக்க முடியவில்லை. உள்ளூரில் யார் அத்தனை மெழுகுவத்தி வாங்குவார்கள்? பயிற்சி முடிந்தது, புகைப்படம் எடுத்தாயிற்று, மிஷின்கள் மூலைக்குப் போயின, பெண்கள் மறுபடி துறைக்குப் போனார்கள். தொழில்மாற்றத்துக்கு அவர்கள் எதிரிகள் அல்லர். வருமானம் குறையும் திசையில் மாறச் சொன்னால் மாறமாட்டார்கள், அவ்வளவுதான். ஆண்களுக்குப் படகும் எஞ்சினும் வலையும் கொடுத்தபோது, பெண்களுக்கு ஊறுகாய்தான் பொருத்தம் என்று யார் முடிவு செய்தார்கள் என்று நான் இன்றும் யோசிப்பதுண்டு.

இனி என் மாணவி ஒருத்தியின் கதைக்கு வருகிறேன். கல்லூரியில் என்னை மேம் என்பாள், ஊருக்குள் அத்தை என்பாள். தமிழ் இலக்கியம் படித்தாள். பள்ளித் தமிழாசிரியை ஆக வேண்டும் என்பது அவளது ஆசை. இறுதியாண்டுத் தேர்வு முடிவதற்குள் ஏஜெண்ட் ஒருவர் ஊருக்கு வந்துவிட்டார். சென்னைப் பக்கத்தில் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி. பதினேழாயிரம் சம்பளம், ஹாஸ்டல், சாப்பாடு, கம்பெனி பஸ். அவள் போகப்போகிறாள் என்று தெரிந்ததும் ஆளாளுக்குத் திட்டினார்கள். "தமிழ் படிச்சவ போய் போனுக்குத் திருகாணி மாட்டுறதா?" என்று கேட்டவர்களில் பாதிப் பேர் அவள் தமிழ் எடுத்தபோது "இதைப் படிச்சு என்னத்த கிழிக்கப் போற?" என்று கேட்டவர்கள்.

அவள் என்னிடம் வந்து கணக்குச் சொன்னாள். "அத்தை, பி.எட். ரெண்டு வருசம். ஃபீஸ், பஸ், புத்தகம் எல்லாம் கடன்தான். முடிச்சுட்டுத் தனியார் ஸ்கூல்ல சேர்ந்தா எட்டாயிரம். கவர்மென்ட் வேலைக்கு எப்ப கூப்பிடுவாங்கன்னு யாருக்குத் தெரியும்? கம்பெனியில இப்பவே பதினேழு. நான் என்ன தப்பாவா கணக்குப் போட்டிருக்கேன்?"

தப்பே இல்லை. அவள் கணக்கில் ஒரு எண்கூடப் பிழை இல்லை. போ என்றேன். நான் அப்படிச் சொன்னது துறையில் சிலருக்குப் பிடிக்கவில்லை. தமிழை நாமே கைவிடலாமா என்றார்கள். தமிழைக் கைவிட்டது யார் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

அந்தப் பதினேழாயிரம் எங்கே போகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். பிடித்தம் போகக் கைக்கு வருவதில் பெரும்பகுதி ஊருக்கு வருகிறது. ஒரு பங்கு அம்மாவின் குழுக் கடனுக்கு, ஒரு பங்கு வீட்டுச் செலவுக்கு. மீதி தம்பியின் பொறியியல் கல்லூரிக் கட்டணத்துக்கு. தம்பியிடம் யாரும் "சம்பளமா எதிர்காலமா" என்று கேட்கவில்லை. அவன் எதிர்காலத்தைத் தேர்ந்துகொண்டான், அதற்கான விலையை அக்காவின் இன்று கட்டுகிறது. நம் வீடுகளில் ஆண்பிள்ளைகளின் நீண்டகால இலட்சியங்களுக்குப் பின்னால் இப்படிப் பெண்களின் மாதச் சம்பளம் எத்தனை கிடக்கிறதோ. சால்வை போர்த்திக்கொண்ட அந்தச் சிறப்பு விருந்தினருக்கும் ஓர் அக்கா இருந்திருப்பாள் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

சரி, அவள் கம்பெனிக்குப் போகாமல் இலட்சியத்தின் வழியில் நின்றிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? அந்த வழியில் நின்றவள் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. முனைவர் பட்டம் வாங்கிய பிறகு நான் முதலில் வேலை பார்த்த கல்லூரியில் மணிக்கணக்குக் கூலி. கோடை விடுமுறைக்குச் சம்பளம் இல்லை. தேர்வுக் காலத்தில் வகுப்பு இல்லை, ஆகவே கூலியும் இல்லை. ஆனால் விடைத்தாள் திருத்தும் நாளில் மட்டும் நான் தேவைப்பட்டேன். என் அம்மாவின் கூடையில் நல்ல மீன் விழுந்த மாதங்களில் அவர் என்னைவிட அதிகம் சம்பாதித்தார். அவர் அதை ஒருபோதும் சொல்லிக்காட்டியதில்லை. பஸ் காசைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டுத் துறைக்குப் போய்விடுவார்.

இது என் ஒருத்தியின் கதை என்றால் எழுதியிருக்கமாட்டேன். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. பெயரிலேயே கௌரவம் இருப்பதால் சம்பளத்தில் தேவையில்லை என்று நினைத்துவிட்டார்கள் போலும். அதே வகுப்பு, அதே பாடம், அதே தகுதி. பக்கத்து நாற்காலியில் இருக்கும் நிரந்தரப் பேராசிரியர் வாங்குவதில் ஒரு சிறு பங்கு. பல்கலைக்கழக மானியக்குழு 2019 ஜனவரியில் கௌரவ ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 வரை என்று சொன்னது. தமிழ்நாட்டில் அது 25,000-த்தைத் தொடுவதற்கே ஆண்டுகள் ஆயின. அதுவும் வருடத்தில் 11 மாதத்துக்கு. பன்னிரண்டாவது மாதம் இவர்கள் சாப்பிடமாட்டார்கள் என்று நிதித்துறை கருதுகிறது. 2024 மார்ச்சில் ஆசிரியர் தேர்வு வாரியம் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களை அறிவித்தது. தேர்வு அந்த ஆண்டு ஆகஸ்டில் என்றார்கள், தள்ளிவைத்தார்கள். இந்த 'தள்ளிவைப்பு' என்ற சொல்லுக்குள் எத்தனை பெண்களின் முப்பதுகள் கரைந்துபோயின என்பது எங்களுக்குத்தான் தெரியும். தமிழைக் கைவிட்டது போனுக்குத் திருகாணி மாட்டப் போன பெண்ணா, தமிழ் நடத்துகிறவளுக்கு 11 மாதக் கூலி கொடுக்கும் அமைப்பா என்று என் துறை நண்பர்கள் சொல்லட்டும்.

இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமா? செவிலியர்களைப் பாருங்கள். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக, போட்டித் தேர்வு எழுதி, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்கள் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டு பொறுத்தால் நிரந்தரம், காலமுறை ஊதியம் என்பது வாக்குறுதி. தனியார் மருத்துவமனை வேலையை, வளைகுடா வாய்ப்பை விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. இன்றைய சம்பளத்தைவிட எதிர்காலம் பெரிது என்ற போதனையை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தவர்கள் இவர்களே. இரண்டு ஆண்டு முடிந்தது. சிலருக்கு மட்டும் நிரந்தரம் கிடைத்தது. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து அவர்கள் கேட்டது கருணையை அல்ல, பிடித்துவைத்த மீதிக் கூலியை. கழிப்பறைகூடச் சரியாகக் கிடைக்காத அந்த வளாகத்தில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த செவிலியர்களின் படங்கள் செய்தித்தாள்களில் வந்தன. 7,700 ரூபாய்க்கு ஒரு செவிலியை வைத்துக்கொள்ள முடிந்ததற்குக் காரணம், மீதியை 'நிரந்தரம்' என்ற சொல் ஈடுகட்டியதுதான். அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் அந்தக் கூலிக்கு யாரும் வந்திருக்கமாட்டார்கள்.

இப்படிச் சொல்வதால் கம்பெனி வேலை பெண்ணின் விடுதலை என்று நான் கொடிபிடிப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பாதையின் கதையும் எனக்குத் தெரியும். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-இல் உற்பத்தியைத் தொடங்கியபோது பிளஸ் டூ முடித்த பெண்கள் ஊர் ஊராக வேலைக்குச் சேர்ந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சம்பளம், வீட்டில் முதன்முறையாக ஒரு மரியாதை. 2014 நவம்பர் 1-இல் அந்த ஆலை நின்றது. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். இருபத்தைந்து வயதில் ஓய்வு! பதினெட்டு வயதில் சேர்ந்து, ஏழெட்டு ஆண்டு ஒரே லைனில் நின்று, ஒரே உறுப்பைப் பொருத்தியவளுக்கு வெளியே வந்ததும் என்ன தெரியும் என்று சான்று தர யாரும் இல்லை. ஏழெட்டு ஆண்டு உழைப்புக்குப் பிறகும் காகிதத்தில் அவள் பிளஸ் டூதான்.

2021 டிசம்பரில் பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். தோழிகள் என்ன ஆனார்கள் என்று கேட்டுப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அதே நிறுவனத்தின் ஐபோன் ஆலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று எழுதியது. நிறுவனம் மறுத்தது. ஒன்றிய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அறிக்கைகள் என்ன சொன்னாலும், ஊரில் ஏஜெண்டுகள் கேட்கும் முதல் கேள்வி என்ன என்பது எங்கள் பெண்களுக்குத் தெரியும்: "கல்யாணம் ஆயிடுச்சாம்மா?"

கொங்கு நாட்டு நூற்பாலைகள் இதை மறைக்கவே இல்லை. மூன்று ஆண்டு விடுதியில் அடைபட்டு வேலை செய், முடிவில் மொத்தமாகத் தொகை, அது உன் கல்யாணத்துக்கு என்றன. திட்டத்துக்குச் சுமங்கலி என்றே பெயர் வைத்தன. மாதாமாதம் தர வேண்டிய கூலியைப் பிடித்துவைத்துக் கடைசியில் பரிசுபோலத் தருவது. இடையில் உடம்பு முடியாமல் போனவளுக்கு அதுவும் இல்லை. எதிர்காலத்தைக் கூலிப்பிடித்தமாக்கும் வித்தையை நூற்பாலைகள் நிர்வாணமாகச் செய்தன. கல்லூரியும் மருத்துவமனையும் அதையே கௌரவமான சொற்களால் செய்கின்றன.

ஆக, கம்பெனியின் 'இன்று' கல்யாணம் வரைக்கும். படிப்பின் 'நாளை'யும் கல்யாணம் வரைக்கும்தான். ஒரு பெண்ணின் நீண்டகாலத் திட்டத்தின் நீளத்தைத் தீர்மானிப்பது மாப்பிள்ளை வீட்டாரின் சௌகரியம் என்றால், அவள் எந்தப் பக்கம் சாய்ந்தால் என்ன? என் மாணவி கணக்குப் போட்டபோது அவள் சொல்லாமல் விட்ட எண் ஒன்று உண்டு. இருபத்துமூன்று. அந்த வயதுக்குள் வீட்டில் பேச்சு எடுத்துவிடுவார்கள். அதற்கு முன் கையில் கொஞ்சம் பணம் இருந்தால் 'இன்னும் ரெண்டு வருசம்' என்று சொல்லும் குரல் கொஞ்சம் தடிக்கும். அவள் வேலைக்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணம், ஒருவேளை முதன்மையான காரணம். படித்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்குத் தேதி குறிப்பது எளிது. வீட்டுக்குப் பணம் அனுப்பும் பெண்ணுக்குத் தேதி குறிக்க யோசிப்பார்கள். கசப்பான பேரம்தான், ஆனால் அவளிடம் இருப்பது அந்த ஒரு பேரம்.

எங்கள் காரைக்காலில் முழுமையாகப் பாதை மாறிய ஒரு பெண் இருந்தாள். மாங்கனித் திருவிழா எடுத்து இன்றும் அவளைக் கொண்டாடுகிறோம். புனிதவதி வணிகன் மனைவி என்ற வேலையை உதறிக் கவிஞராக, பேயாராக மாறியதை நான் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் நடத்துகிறேன். ஒரு முறை பின்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள்: "பேய்க்கு வாடகை, கரண்ட் பில் எல்லாம் கிடையாதுல்ல மேம்?" வகுப்பு சிரித்தது. தசையோடு இருந்துகொண்டே தொழில் மாற வேண்டியவர்களின் பிரச்சினையை அதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது.

தசையோடு இருப்பவர்கள் மாறியதற்கும் நம்மிடம் வரலாறு உண்டு. அதில் நாம் மறந்துவிட்ட பகுதி பணம் பற்றியது. முத்துலட்சுமி ரெட்டி என்றதும் தேவதாசி முறை ஒழிப்பு என்கிறோம். அவர் சட்டமன்றத்தில் முதலில் செய்தது என்ன? கோயிலில் ஊழியம் செய்தால்தான் மானிய நிலம் என்று இருந்த கட்டை அறுத்தார். 1929-இல் வந்த திருத்தச் சட்டம் ஊழியத்தையும் நிலத்தையும் பிரித்தது. ஊழியத்தை விட்டாலும் அந்தப் பெண்ணின் நிலம் அவளிடமே இருக்கும். பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் வந்தது. முதலில் நிலம், பிறகு தடை. இந்த வரிசை முக்கியம். வாழ்க்கையை மாற்றிக்கொள் என்று ஒருத்தியிடம் சொல்வதற்கு முன் அவள் எதைச் சாப்பிடுவாள் என்று யோசித்த மூளை அது. 1930-இல் ஔவை இல்லத்தைத் தொடங்கியதும் அதே யோசனையின் தொடர்ச்சி. வெளியேறி வரும் சிறுமிக்கு முதலில் படுக்க இடமும் சோறும் வேண்டும். (எங்கள் காரைக்கால் 1954 வரை பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்ததால் சென்னைச் சட்டங்கள் எங்களுக்கு இல்லை. எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் பிறந்ததற்காக எங்கள் பெண்கள் இழந்தவற்றைத் தனியாக ஒருநாள் எழுத வேண்டும்.)

இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை மூவலூர். அந்த ஊர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரில் தமிழ்நாடு அரசு 1989-இல் தொடங்கியது திருமண உதவித் திட்டம். தாசி முறையிலிருந்து வெளியேறி வாழ்நாளெல்லாம் அதை எதிர்த்த பெண்ணின் பெயரில், ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்குப் பணம், பின்னாளில் தாலிக்குத் தங்கமும்! 2022-இல்தான் அந்தப் பணத்தின் திசை மாறியது. அரசுப் பள்ளியில் படித்த பெண் உயர்கல்விக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே என்று புதுமைப்பெண் திட்டம் வந்தது. ஆயிரம் ரூபாய் பெரிய தொகை இல்லை. ஆனால் அது இன்றைய பணம். கல்யாணத்துக்குப் பிறகு என்றோ, தேர்ச்சி பெற்ற பிறகு என்றோ சொல்லாமல், படிக்கிற மாதத்திலேயே கையில் வருகிற பணம். எதிர்காலத்தைப் பார் என்று அறிவுரை சொல்வதற்கும், எதிர்காலத்தைப் பார்க்க இந்தா செலவுக்கு என்று கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஓர் அரசாங்கம் புரிந்துகொள்ள 33 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

நம் தோழிகள் சிலருக்கு என் வாதத்தில் ஒரு சங்கடம் இருப்பது தெரியும். கார்ப்பரேட் சுரண்டலுக்குள் போகிறவளை எப்படிப் 'போ' என்று வாழ்த்துவது? போகாதே என்று சொல்லும் உரிமை எனக்கு எப்போது வரும் என்று யோசித்துப் பார்த்தேன். பி.எட். படிக்கும் இரண்டு ஆண்டுக்கு அவள் வீட்டுக்கு மாதம் பத்தாயிரம் நான் கொடுக்க முடிந்தால் வரும். நம் இயக்கங்களால் கொடுக்க முடிந்தால் நமக்கு வரும். அதுவரை அவளது கணக்கை மதிப்பதுதான் நேர்மை. சுரண்டலை எதிர்க்க வேண்டியது ஆலை வாசலில். அவள் பெட்டி கட்டும்போது வீட்டு வாசலில் நின்று தடுப்பதில் ஒரு பயனும் இல்லை. நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பெண்கள் அந்த எதிர்ப்பை நம்மைவிட நன்றாகவே செய்தும் காட்டினார்கள்.

ஆகவே கேட்க வேண்டியவர்களிடம் கேட்போம். சிப்காட் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியைக் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. பெண்களை ஆலைக்கு அருகில் தூங்கவைக்க இவ்வளவு செலவழிக்க முடிகிற அரசால், இப்படிப்பட்ட விடுதி ஒவ்வொன்றிலும் ஷிப்ட் முடிந்து வருகிறவள் பட்டம் தொடர ஒரு கல்லூரியை நடத்த முடியாதா? தேர்வு நாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுக்க வேண்டும் என்று நிறுவனத்தோடு போடும் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க முடியாதா? சலுகை விலையில் நிலமும் மானியமும் வாங்கும் நிறுவனம் மூன்று ஆண்டு லைனில் நின்றவளுக்கு, அவள் கற்ற வேலைக்கு, வெளியே செல்லுபடியாகும் சான்றிதழ் தரக் கூடாதா? காரைக்காலில் கல்லூரிக் கட்டணத்தைத் தடைக்காலம் முடிந்த மறுவாரமே கேட்காமல், படகு இறங்கி இரண்டு மாதம் கழித்து வாங்கினால் எந்தக் கல்லூரி மூழ்கிவிடும்? வேலைக்குப் போய்விட்டு இருபத்தாறு வயதில் பி.எட். சேர வருகிறவளைப் பார்த்து 'இத்தனை நாள் என்ன செய்தாய்' என்று கேட்கும் சேர்க்கைக் குழுக்காரரின் வாயை யார் மூடுவது?

என் மாணவி போய் ஒன்றரை ஆண்டு ஆகிறது. போன மாதம் ஞாயிற்றுக்கிழமை அழைத்தாள். ஹாஸ்டலில் அவள் அறையில் ஆறு பேர். இரண்டு பேர் டெட் தேர்வுக்குப் படிக்கிறார்களாம், ஒருத்தி நர்ஸிங் விண்ணப்பம் போட்டிருக்கிறாளாம். இரவு ஷிப்ட் முடிந்து வந்து படிக்கும்போது இலக்கணத்தில் சந்தேகம் வந்தால் கேட்க யாரும் இல்லை என்றாள். புணர்ச்சி விதியை அலைபேசியிலேயே அரைமணி நேரம் நடத்தினேன். அந்த விடுதிகளில் இதை நேரில் உட்கார்ந்து நடத்த ஒரு தமிழ் படித்த பெண் வேண்டும். அவளை மணிக்கணக்குக் கூலிக்கு எடுக்கக் கூடாது. பன்னிரண்டு மாதச் சம்பளம், முதல் மாதத்திலிருந்தே.